பிரேசிலின் மிட்ஃபீல்டு ஏன் காலியாகக் கிடக்கிறது? கௌதமபுரத்துத் தம்பிக்கு ஒரு பதில்

பெங்களூர் அல்சூர் கௌதமபுரத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "வினிசியஸ், ரஃபீன்யா, ரோட்ரிகோ, எஸ்தேவாவ் என்று இத்தனை பேர் இருந்தும் பிரேசிலின் மிட்ஃபீல்டு ஏன் இப்படிக் காலியாகக் கிடக்கிறது? ஜப்பானிடம் 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 3-2 என்று தோற்றதைப் பார்த்து எங்கள் தெருவே கொதித்துப் போயிருக்கிறது. தப்பு கோச் மேலா, ஆடுகிறவர்கள் மேலா? நெய்மார் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?"

பெலேவுக்குச் சிலை வைத்து, உலகக் கோப்பை வந்துவிட்டால் சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையும் பூசிக்கொள்ளும் ஒரு பேட்டையிலிருந்து வரும் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2002-க்குப் பிறகு கோப்பை கைக்கு வரவில்லை. தம்பியின் வயதுக்காரர்கள் பிரேசில் கோப்பையைத் தூக்கிக் கண்ணால் பார்த்ததே இல்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுக்களத்தில் நிற்கும் இருவரும் மட்டமான ஆட்டக்காரர்கள் அல்லர். அவர்களுக்குத் துணையாக மூன்றாவது ஆள் வந்து சேர வேண்டிய நேரத்தில் யாரும் வந்து சேர்வதில்லை என்பதுதான் கோளாறு. பிரேசில் மிகச் சிறப்பாக ஆடி வென்ற உலகக் கோப்பைகளில் அந்த மூன்றாவது ஆள் இருந்தார். நம் நெஞ்சில் இன்னும் ஆறாமல் கிடக்கும் தோல்விகளில் பெரும்பாலும் அவர் இல்லை.

இதற்குச் சரியான சாட்சி ஜப்பான் ஆட்டம் அல்ல. 2025 மார்ச் 25-ஆம் தேதி புவனோஸ் அயர்ஸில் அர்ஜென்டினாவிடம் 4-1 என்று வாங்கிய அடிதான். அன்று பிரேசிலின் பயிற்சியாளராக இருந்த டோரிவால் ஜூனியர் நடுவில் ஆந்த்ரே, ஜோயெலின்டன் என்ற இருவரை மட்டும் நிறுத்திவிட்டு, முன்னால் ரஃபீன்யா, ரோட்ரிகோ, வினிசியஸ், மத்தேயுஸ் குன்யா என்று நால்வரை இறக்கினார். எதிரணியில் மெஸ்ஸி இல்லை, லாவுதாரோ மார்ட்டினெஸும் இல்லை. ஆனால் தே பால், பரேதஸ், என்சோ ஃபெர்னாண்டஸ், மக் அலிஸ்டர் என்று நான்கு நடுக்கள வீரர்கள் இருந்தார்கள். அவர்களோடு அல்மாடாவும் அடிக்கடி இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். இருவருக்கு எதிரே நால்வர், சில நேரம் ஐவர். ஆந்த்ரே முன்னேறிப் போய்ப் பரேதஸை மறித்தால் அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் தனியாக நிற்பார். போகாமல் நின்ற இடத்திலேயே நின்றால், பரேதஸ் தலையை நிமிர்த்தி நிதானமாகப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் பாஸ் கொடுப்பார். எதைச் செய்தாலும் தவறாகத்தான் முடியும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் தவறு செய்தார் என்று திட்டுவது நியாயமாகாது. அர்ஜென்டினாவின் இரண்டாவது கோலை என்சோ அடித்தார். மூன்றாவது கோலுக்கு அதே என்சோ தூக்கிக் கொடுத்த பந்தை மக் அலிஸ்டர் கோலாக்கினார். முன்கள நட்சத்திரங்கள் வெளியே இருக்க, ஒரு நடுக்களமே ஆட்டத்தை முடித்து வைத்தது. மூன்று நாள் கழித்து டோரிவால் வேலையை இழந்தார்.

அந்த ஆட்டத்தை மறுபடியும் பார்க்க வாய்ப்பிருந்தால், பந்தைப் பின்தொடராமல் பாருங்கள். பிரேசில் பந்தை இழக்கும் நொடியில் படத்தை நிறுத்தி, பந்துக்கும் பிரேசில் கோலுக்கும் நடுவே எத்தனை மஞ்சள் சட்டைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு முன்வரிசையில் நிற்கும் கடைசி ஆளுக்கும் பின்வரிசை டிஃபெண்டர்களுக்கும் இடையிலான தூரத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். கட்டுக்கோப்பாக ஆடும் அணிகள் அந்தத் தூரம் 30, 35 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். பிரேசிலிலோ முன்னால் இருக்கும் நால்வர் ஒரு பக்கமும், பின்னால் இருக்கும் நால்வர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்க, நடுவே இருக்கும் வெட்டவெளியை இரண்டே பேர் காவல் காக்கிறார்கள். நம் பகுதியில் சிறிய மைதானத்தில் ஐந்து பேர், ஏழு பேர் வைத்து நடக்கும் டோர்னமென்ட்களில் இது கண்ணுக்கே தெரியாது. அங்கே இரண்டு பேரை டிரிபிள் செய்து தாண்டினால் கோல் போஸ்ட் எதிரே வந்துவிடும். அப்படி ஆடியும் பார்த்தும் வளர்ந்தவர்களுக்கு ரஃபீன்யாவைப் போல ஆடுகிறவரின் அருமை உடனே புரிகிறது. பந்து இல்லாத நேரத்தில் பத்து அடி நகர்ந்து ஒரு பாதையை அடைக்கிறவரின் அருமை புரிய நாளாகிறது. தெருவில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"பெலே காலத்தில் 4-2-4 ஆடித்தானே ஜெயித்தார்கள்?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. 1958-இல் ஸ்வீடனில் ஆடிய அணியை எல்லாரும் 4-2-4 (பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர்) என்றுதான் சொல்கிறார்கள். நடுவில் ஸீட்டோவும் டிடியும். வலப்புறம் கரின்ஷா கோட்டை ஒட்டி நின்றபடி தன் வித்தையைக் காட்ட, இடப்புறம் இருந்த ஸகாலோவின் ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. பந்து எதிரணியின் காலுக்குப் போனதும் அவர் ஓடிவந்து நடுக்களத்தில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்வார். பந்து கிடைத்ததும் மறுபடியும் மேலே ஏறுவார். காகிதத்தில் 4-2-4 என்று எழுதியிருந்தாலும், பந்து கையில் இல்லாதபோது அது 4-3-3. இறுதி ஆட்டத்தில் 4-ஆவது நிமிடத்திலேயே ஸ்வீடன் கோல் போட்டபோது, வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டிடி அவசரமே இல்லாமல் நடுக்கோட்டுக்கு நடந்து வந்ததை இன்றும் சொல்லிப் பூரிக்கிறோம். அந்த நிதானத்துக்கு மன உறுதி ஒரு காரணம். தன் இடப்பக்கத்தில் ஓடி உழைக்க ஒருவர் இருக்கிறார் என்ற தெம்பு இன்னொரு காரணம் என்பது என் எண்ணம். ஆட்டம் 5-2 என்று முடிந்தது. அன்று ஸகாலோவும் ஒரு கோல் போட்டார்.

அதே ஸகாலோ 1970-இல் பயிற்சியாளராக வந்தபோது, தான் செய்த வேலையைச் செய்ய ரிவெலினோவை இடப்பக்கம் நிறுத்தினார். ரிவெலினோ உண்மையில் நடுக்களத்துக்காரர். ஆகவே அவருடைய கால்கள் தாமாகவே உள்ளே வந்தன. நடுவில் கெர்சன் பந்தைப் பங்கிட்டுக் கொடுக்க, குளோடால்டோ காவலாக நின்றார். இத்தாலிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் நான்காவது கோலைக் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ அடித்ததை மட்டும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த நகர்வின் தொடக்கத்தில், தன் பாதி மைதானத்தில், நான்கு இத்தாலியர்களை வரிசையாக ஏமாற்றிவிட்டுப் பந்தை நகர்த்தியவர் குளோடால்டோ. காவலுக்கு நிற்கும் ஆளும் பந்தாட்டம் தெரிந்தவராக இருந்த காலம் அது.

முறிவு 1982-இல் வருகிறது. ஃபல்காவ், செரெசோ, சாக்ரடீஸ், ஸிகோ என்ற நால்வரைப் போல அழகான நடுக்களம் அதற்குப் பிறகு பிரேசிலுக்கு அமையவே இல்லை. பார்சிலோனாவில் ஜூலை 5-ஆம் தேதி இத்தாலியோடு சமன் செய்தாலே அரையிறுதிக்குப் போயிருக்கலாம். செரெசோ குறுக்காகத் தட்டிய ஒரு பாஸைப் பாவ்லோ ரோசி பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டார். அன்று மூன்றையும் அவரே போட்டு 3-2 என்று பிரேசிலை வீட்டுக்கு அனுப்பினார். அந்த ஆட்டம் பிரேசில் பயிற்சியாளர்களின் மனத்தில் ஆழமான பயத்தை விதைத்துவிட்டது. அதன் பிறகு நடுக்கள வேலையை இரண்டாக வெட்டிவிட்டார்கள். மோதிப் பந்தைப் பறிக்கிறவர்கள் பின்னால். வித்தை காட்டுகிறவர்கள் முன்னால். நடுவில் நின்று இரண்டையும் செய்து, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த ஃபல்காவ் போன்ற ஆள் அந்தப் பிரிவினையில் காணாமல் போனார். 1994-இல் துங்காவையும் மவுரோ சில்வாவையும் வைத்துக் கோப்பையை வென்றது இந்தப் பாதை சரி என்ற நம்பிக்கையை உறுதியாக்கியது. வென்ற அணியைக் குறை சொல்ல மனம் வராதுதான். ஆனாலும் அந்த வெற்றி ஒரு தலைமுறைக்குத் தவறான பாடத்தைக் கற்பித்தது என்றே நான் கருதுகிறேன்.

பயிற்சியாளர் மேல் தவறா என்ற கேள்விக்கு ஸ்கொலாரியை எடுத்துக்கொண்டால் நன்றாக விளங்கும். 2002-இல் ரொனால்டோ, ரிவால்டோ, ரொனால்டின்யோ மூவரும் முன்னால் இருக்க, நடுவில் கில்பெர்ட்டோ சில்வாவுடன் தாக்கும் மனம் கொண்ட ஜூனின்யோ பாவ்லிஸ்டா ஆடிக்கொண்டிருந்தார். நடுக்களம் கிழிகிறது என்று கண்ட ஸ்கொலாரி, இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் ஜூனின்யோவை உட்கார வைத்துவிட்டுக் கிளெபெர்சனை இறக்கினார். புகழ் பெற்றவர் அல்ல. ஆனால் ஓயாமல் ஓடுகிறவர். இறுதி ஆட்டத்தில் ரொனால்டோவின் இரண்டாவது கோலுக்கு வலப்பக்கத்திலிருந்து பந்தை அனுப்பியவர் அவர்தான். இடையில் ரிவால்டோ காலை விலக்கி அதைப் போகவிட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஸ்கொலாரி நேர் எதிரான முடிவை எடுத்தார். 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசாண்டே. நெய்மாருக்கு முதுகெலும்பில் காயம், தியாகோ சில்வாவுக்குத் தடை. எதிரே ஜெர்மனியின் ஷ்வைன்ஷ்டைகர், கெடிரா, க்ரோஸ். இப்படிப்பட்ட நடுக்களத்துக்கு எதிராக நெய்மாரின் இடத்தில் ஒரு நடுக்கள வீரரைச் சேர்ப்பார் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, பெர்னார்டு என்ற விங்கரை இறக்கினார். லூயிஸ் குஸ்தாவோவும் பெர்னாண்டின்யோவும் மூவருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். 23-ஆவது நிமிடத்திலிருந்து 29-ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல்கள். அவற்றில் 26-ஆவது நிமிடக் கோலை மட்டும் தனியாகப் பாருங்கள். அப்போதுதான் ஆட்டம் நடுக்கோட்டிலிருந்து மறுபடியும் தொடங்கியிருந்தது. பெர்னாண்டின்யோவின் காலிலிருந்து க்ரோஸ் பந்தைப் பறித்தார், கெடிராவோடு ஒரு கொடுக்கல் வாங்கல், கோல். பெர்னாண்டின்யோ பந்தை வாங்கும்போது பக்கத்தில் பாஸ் கொடுக்க ஆளே இல்லை. இடைவேளையில் ஸ்கொலாரி பவுலின்யோவையும் ரமிரெஸையும் இறக்கினார். நடுக்களத்துக்கு ஆள் வந்து சேர்ந்தபோது ஸ்கோர் 0-5. 7-1 என்ற எண்ணை நம் ஊரில் இன்றும் யாரும் வாய்விட்டுச் சொல்ல விரும்புவதில்லை. அதை அவமானமாக மட்டும் நினைத்து ஒதுக்கிவிட்டால் அது ஏன் நடந்தது என்பது நமக்குப் பிடிபடாமலே போய்விடும்.

2018-இல் கசான் நகரில் பெல்ஜியத்திடம் 2-1 என்று தோற்றதும் இதே கதையின் தொடர்ச்சி: கசெமிரோ மஞ்சள் அட்டைகளால் வெளியே இருக்க, லுகாகு தன் பாதியிலிருந்து பந்தோடு கிளம்பியபோது அவரை நிறுத்த நடுவில் ஆள் இல்லை, தே புருய்னே அடித்து முடித்தார்.

2022 காலிறுதி இன்னும் வலிக்கக் காரணம் உண்டு. குரோஷியாவின் மோட்ரிச், பிரோசோவிச், கோவாசிச் மூவரும் ஆட்டத்தின் வேகத்தைத் தங்களுக்கு வேண்டியபடி வைத்துக்கொண்டார்கள். மோட்ரிச்சுக்கு அப்போது வயது 37. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் நெய்மார் அருமையான கோல் ஒன்று போட்டு 1-0 என்று ஆக்கினார். அதற்குப் பிறகு பிரேசில் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது. 117-ஆவது நிமிடத்தில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், பிரேசில் வீரர்கள் பலர் எதிரணிப் பாதியில் ஏறி நின்றார்கள். பந்து பறிபோனது. குரோஷியா வேகமாக ஏறி வந்தது. ஒர்சிச் இடப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளிய பந்தைப் பெட்கோவிச் அடிக்க, அது மார்க்கின்யோஸ் மேல் பட்டு உள்ளே போனது. அந்த ஆட்டம் முழுவதிலும் குரோஷியா கோலை நோக்கிச் சரியாக அடித்த ஒரே ஷாட் அதுதான். பெனால்டியில் 4-2. முன்னிலையில் இருக்கும்போது "நில், அவசரப்படாதே" என்று சொல்லி ஆட்டத்தைத் தூங்க வைக்கத் தெரிந்த ஒருவர் மஞ்சள் சட்டையில் இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, ஆட்களைப் பற்றி. அந்தத் தோல்விக்குப் பிறகு டிட்டே விலகினார். ரமோன் மெனெசெஸ், பெர்னாண்டோ டினிஸ், டோரிவால், 2025 மே மாதம் முதல் ஆன்செலாட்டி என்று இரண்டரை ஆண்டுகளுக்குள் நான்கு பேர் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். வினிசியஸ் போன்றவரை எந்த அணியிலும் இறக்கிவிட்டு "உன் ஆட்டத்தை ஆடு" என்று சொல்லிவிடலாம். நடுக்களத்துக்கு அது பொருந்தாது. யார் ஏறுவது, யார் நிற்பது, எந்தப் பக்கம் மூடுவது என்பதெல்லாம் ஒருவரோடு ஒருவர் பல மாதங்கள் ஆடி ஆடி வர வேண்டியவை. ஆண்டுக்கு ஒரு திட்டம் மாறினால் முதலில் உடைவது நடுக்களம்தான். 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 18 ஆட்டங்களில் 6 தோல்வி, 28 புள்ளிகள், ஐந்தாம் இடம் என்று பிரேசில் முடித்ததற்கு மைதானத்தில் இருந்தவர்களைவிட, இப்படி ஆட்களை மாற்றிக்கொண்டிருந்த நிர்வாகத்துக்கே அதிகப் பொறுப்பு உண்டு.

ஆன்செலாட்டி வந்ததும் செய்த முதல் வேலை கசெமிரோவைத் திரும்ப அழைத்தது. பிறகு சியோலில் தென் கொரியாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் ஆன்செலாட்டியும் கசெமிரோ, புரூனோ கிமாராயிஸ் என்று இருவரை மட்டுமே நடுவில் வைத்து, எஸ்தேவாவ், குன்யா, ரோட்ரிகோ, வினிசியஸ் நால்வரையும் முன்னால் விட்டார். டோரிவால் தோற்ற அதே அமைப்பு. முடிவு மட்டும் வேறு. காரணம், அன்று முன்னால் இருந்த நால்வரும் பந்தை இழந்த இடத்திலேயே பாய்ந்து பறித்தார்கள். எஸ்தேவாவின் இரண்டாவது கோல் அப்படி எதிரணி டிஃபெண்டரிடமிருந்து பறித்த பந்தில் வந்ததுதான். முன்னால் இருப்பவர்கள் உழைத்தால் நடுவில் இருவர் போதும். அவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றால் மூவர் இருந்தாலும் போதாது. நான்கு நாள் கழித்து டோக்கியோவில் பெரும்பாலானவர்களை மாற்றி இறக்கிய அணிதான் ஜப்பானிடம் தோற்றது. ஜப்பானின் முதல் கோல் பிரேசில் டிஃபெண்டர் ஃபப்ரிசியோ புரூனோவின் தவறான பாஸில் வந்தது, கடைசிக் கோல் கார்னரில் வந்தது. ஜப்பான் பிரேசிலை வென்றது அதுவே முதல் முறை என்பதால் தெரு கொதித்தது புரிகிறது. ஆனால் அந்த ஆட்டத்தை வைத்து நடுக்களத்தை எடை போடுவது சரியாகாது.

ஆழமான காரணம் இன்னொன்று உண்டு. வினிசியஸ், ரோட்ரிகோ, எண்ட்ரிக் மூவரையும் ரியல் மாட்ரிட் வாங்கியது. எஸ்தேவாவைச் செல்சி வாங்கியது. நால்வரும் பதின்ம வயதிலேயே விலை பேசப்பட்டவர்கள், நால்வரும் முன்கள வீரர்கள். பிரேசில் கிளப்களுக்குக் காசு கொண்டு வருவது வேகமும் டிரிபிளிங்கும் உள்ள பையன்கள். நடுவில் நின்று ஆட்டத்தைப் படிக்கிறவருக்குப் பக்குவம் வர 22, 23 வயதாகிறது. அதுவரை பொறுத்திருந்து வளர்க்கப் பல கிளப்களுக்குப் பொருளாதார வசதி இல்லை. புரூனோ கிமாராயிஸ் ஓரளவு விதிவிலக்கு: 2020-இல் லியோனுக்குப் போய், பிறகு நியூகாசிலில் முழு ஆட்டக்காரராக முதிர்ந்தார். அவரைப் போல இன்னும் இருவர் இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நெய்மாரைப் பற்றிக் கடைசியாக. 79 கோல்கள் அடித்து நாட்டுக்காக அதிக கோல் போட்டவர் என்ற இடத்தில் இருப்பவர், என் அன்புக்கும் உரியவர். 2023 அக்டோபரில் உருகுவே ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்ததிலிருந்து பழைய வேகம் அவருக்கு முழுதாகத் திரும்பவில்லை. 2025-இல் சான்டோஸுக்கே திரும்பிவிட்டார். அவர் வந்தால் கடைசி பாஸ் மேம்படும், ஃப்ரீ கிக் மேம்படும். பின்னால் ஓடிவரும் ஆள் ஒருவர் குறைவார். ஆகவே அவரைச் சேர்ப்பதானால், முன்வரிசையிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டு, கசெமிரோ, கிமாராயிஸ் இருவரோடு பகேட்டா போன்ற மூன்றாவது ஒருவரை நடுவில் நிறுத்திய பிறகே சேர்க்க வேண்டும். இருக்கும் நால்வரோடு அவரையும் எப்படியாவது திணித்துவிட வேண்டும் என்று தெருவில் யாராவது வாதாடினால், புவனோஸ் அயர்ஸ் ஆட்டத்தின் முதல் 40 நிமிடங்களை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.